குச்சிக்கிழங்கும் பொலெந்தாவும்

அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் ஐரிஸில் மாதத்தின் 29-ஆம் தேதி இரவு பல வீடுகளில் ஒரே சாப்பாடுதான்: ஞொக்கி. உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, கொஞ்சம் மாவு சேர்த்துப் பிசைந்து, சிறு உருண்டைகளாக்கிக் கொதிநீரில் போட்டு எடுக்கும் இத்தாலிய உணவு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கப்பலேறி அங்கே பிழைக்கப் போன இத்தாலியர்களின் பிள்ளைகளும் பேரன்களும் அந்த வழக்கத்தை இன்றும் விடவில்லை. ஏன் 29 என்று கேட்டால், சம்பளம் வர இன்னும் ஓரிரு நாள் இருக்கும், வீட்டில் கிழங்கும் மாவும்தான் மிஞ்சியிருக்கும் என்று சொல்வார்கள். அடுத்த மாதம் நல்லபடியாகப் போகவேண்டும் என்று தட்டுக்கு அடியில் ஒரு நாணயமோ நோட்டோ வைத்துச் சாப்பிடுவார்கள்.

அதே காலத்தில் இத்தாலியக் குடும்பங்கள் பல பிரேசிலிலும் குடியேறின. அங்கே எங்கு பார்த்தாலும் மரவள்ளி. ஆகவே பிரேசிலின் இத்தாலிய வீடுகளில் மரவள்ளியை வேகவைத்து மசித்தும் ஞொக்கி செய்தார்கள். இன்றும் செய்கிறார்கள். அந்த மரவள்ளி பிறந்த ஊர் தென் அமெரிக்கா. அதையே சேலம், நாமக்கல் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்கிறோம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் அது லாரி லாரியாக இறங்குகிறது. அந்த மலையின் ஆலத்தூர் நாட்டில் ஓர் இரவுச் சாப்பாட்டை இத்தாலிய முறையில் சமைப்பது பற்றிப் பேச, இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை.

இத்தாலியச் சமையல் என்றதும் நகரத்து உணவகத்தின் பாலாடைக்கட்டியும், விலை உயர்ந்த ஆலிவ் எண்ணெயும், கண்ணாடிப் புட்டியில் அடைத்த காய்களும் நினைவுக்கு வருகின்றன. இத்தாலியின் கிராம வீடுகள் பல தலைமுறைகளாகச் சமைத்தது அந்த உணவை அல்ல. அங்கே ஏழை வீட்டுச் சமையலுக்கென்றே தனி மரபு உண்டு. அதன் முதல் விதி, வீட்டில் இருப்பதிலிருந்து தொடங்குவது. டஸ்கனி மாகாணத்தின் ரிபொல்லீத்தாவை எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் வெள்ளை மொச்சை போன்ற பயறையும் கருங்கீரையையும் காய்களையும் போட்டு ஒரு குழம்பு வைப்பார்கள். மிச்சமானதில் மறுநாள் காய்ந்த ரொட்டித் துண்டுகளைப் போட்டு மறுபடி கொதிக்க வைப்பார்கள். மறுநாளைய சுவையே மேல் என்பது அந்த ஊர்க்காரர்களின் தீர்ப்பு. சுண்டக் காய்ச்சிய பழங்குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மிஞ்சிய பாஸ்தாவில் முட்டையை அடித்து ஊற்றி அடைபோல் சுட்டு எடுப்பது நேப்பிள்ஸ் வழக்கம். மிஞ்சிய ரிசொட்டோ என்ற குழைவான அரிசிச் சோற்றைச் சட்டியில் பரப்பி மொறுமொறுவென்று வறுப்பது மிலான் வழக்கம். தெற்கில் பாலாடைக்கட்டி வாங்க முடியாத வீடுகள் காய்ந்த ரொட்டியைத் தூளாக்கி எண்ணெயில் வறுத்துப் பாஸ்தாவின் மேல் தூவின. வடக்கில் ஆலிவ் மரம் வளராத குளிர்ப் பகுதிகளில் வெண்ணெயும் பன்றிக்கொழுப்பும்தான் சமையல் எண்ணெய். ஆகவே இன்ன எண்ணெய், இன்ன மாவு இருந்தால்தான் இத்தாலியச் சமையல் என்று யாராவது சொன்னால், அவர் இத்தாலியின் பாதியைக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் கொள்ளவேண்டும்.

மலைக்காரர்களுக்கு நெருக்கமானது இத்தாலியின் மலைச் சமையல். ஆல்ப்ஸ் மலையின் உயரமான பகுதிகளில் நெல் விளையாது. அங்கே ரிசொட்டோவின் பக்குவத்தை வாற்கோதுமையில் செய்து அதற்கு ஒர்சொட்டோ என்று பெயர் வைத்தார்கள். அப்பெனைன் மலைத்தொடரில் தானியமும் போதாது. அங்கே சோறு போட்டது செஸ்ட்நட் மரம். அதன் கொட்டைகளைத் தனிக் குடிசையில் பரப்பி, கீழே புகை மூட்டி நாட்கணக்கில் உலர்த்தி, மாவாக்கிக் குளிர்காலம் முழுவதும் அடையும் களியும் செய்தார்கள். மரத்திலிருந்து உதிர்வதை இப்படிச் சேமித்துச் சாப்பாடாக்கியவர்களின் கதை, பலாக்கொட்டையை மணலில் புதைத்து மழைக்காலத்துக்கு எடுத்துவைத்தவர்களுக்குப் புதிதாக இருக்காது.

ஆலத்தூர் நாடு கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரிந்த மலைத்தளம் இது. இங்குள்ள மலையாளி பழங்குடி மக்களின் பழைய வீடுகளில் தானியத்துக்கு ஒரு தனிக் கட்டுமானம் இருந்தது. மூங்கிலால் பின்னி, மண்ணும் சாணமும் பூசி, கூரை வேய்ந்த தொம்பை. உமி நீக்காத சாமையையும் கேழ்வரகையும் அதில் கொட்டி வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஒரு குடும்பத்தின் இரவுச் சாப்பாடு எதுவென்பதை முடிவு செய்தது அந்தத் தொம்பைதான்.

அதில் இருந்தவை எத்தனை வகை! சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, திரிகுலாச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை. தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை, பாலாந்தினை. கேழ்வரகில் கருங்குளியான், சுண்டங்கி, சாட்டைக் கேழ்வரகு. இவற்றோடு வரகும் பனிவரகும். ஒன்று சீக்கிரம் விளையும். ஒன்று நாளெடுத்து நிறைய கொடுக்கும். ஒன்று கொத்துக்காட்டின் செங்குத்துச் சரிவிலும் பிழைக்கும். ஒன்று களிக்கு நன்று, இன்னொன்று சோற்றுக்கு நன்று. தானியத்துக்கு இடையே அவரையும் மொச்சையும் துவரையும் கடுகும். வீட்டைச் சுற்றிப் பலாவும் வாழையும். மர நிழலில் மிளகுக் கொடி. இத்தாலியின் எந்த மலைக் கிராமமும் இந்தச் சரக்கறையைப் பார்த்தால் பொறாமைப்படும்.

இதைக் கொண்டு மூன்று இரவுச் சாப்பாடுகளை இங்கே விரிவாகச் சொல்லலாம்.

முதலாவது, குச்சிக்கிழங்கு ஞொக்கி. ஒரு முக்கியமான எச்சரிக்கையோடு தொடங்கவேண்டும். ஆலைக்காக வளர்க்கும் சில ரகங்களில் கசப்பும், சயனைடு உண்டாக்கும் பொருளும் கூடுதல். சமையலுக்கு வீட்டில் வழக்கமாகச் சாப்பிடும் இனிப்பு ரகத்தை மட்டுமே எடுக்கவேண்டும். தடித்த தோலை உரித்து, நடுவிலிருக்கும் நாரை எடுத்து, சிறு துண்டுகளாக்கி நிறையத் தண்ணீரில் மூடாமல் குழைய வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவேண்டும். ஆவி போனதும் சூட்டோடு மசித்து, உப்பும் இரண்டு மூன்று பிடி கேழ்வரகு மாவோ கோதுமை மாவோ சேர்த்துப் பிசையவேண்டும். அதிகம் பிசைந்தால் ரப்பராகிவிடும். கையில் ஒட்டாத பதம் வந்ததும் நிறுத்திவிடலாம். கயிறாக உருட்டி, சுண்டுவிரல் நுனி நீளத்துக்கு வெட்டி, உப்புப் போட்ட கொதிநீரில் இட்டால் அடியில் போய் மறுபடி மேலே மிதந்து வரும். மிதந்தால் வெந்துவிட்டது. வாணலியில் நல்லெண்ணெய், நசுக்கிய பூண்டு, பழுத்த தக்காளி போட்டு வதக்கிய தொக்கில் அதைப் புரட்டி, மேலே கொல்லிமலை மிளகை அப்போதே இடித்துத் தூவவேண்டும். பாலாடைக்கட்டிக்குப் பதில் வறுத்து இடித்த நிலக்கடலைப் பொடி போதும். தெற்கு இத்தாலியின் ரொட்டித்தூள் செய்த வேலையை அது செய்யும்.

இரண்டாவது, சாமை ரிசொட்டோ. ரிசொட்டோவுக்கு மிலான்காரர்கள் எடுக்கும் அரிசி, வேகும்போது மாவுச்சத்தை வெளிவிட்டுக் குழைந்து கூழ்போல் வரும். சாமை அப்படிக் குழையாது. அதற்கு வழி நம் மொச்சையிலேயே இருக்கிறது. ஊறவைத்த மொச்சையை வேகவைத்து, பாதியை அதே தண்ணீரில் மசித்துக்கொள்ளவேண்டும். சின்ன வெங்காயத்தை எண்ணெயில் வதக்கி, சாமையை மணம் வரும்வரை வறுத்து, அந்த மொச்சைத் தண்ணீரைச் சூடாகக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கிளறிக்கொண்டே வரவேண்டும். சாமை அரிசி சீக்கிரம் வேகும்; அடுப்பை விட்டு நகராமல் இருந்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசியில் மீதி மொச்சையும் கைப்பிடி முருங்கைக்கீரையும். ஒரே சட்டியில் தானியம், பருப்பு, கீரை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன.

மூன்றாவதை இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டிபடாமல் கிண்டி இறக்கும் கேழ்வரகுக் களி. வடக்கு இத்தாலியில் செப்புச் சட்டியில் நீளமான மரக்கோலால் கிண்டும் பொலெந்தாவும் இதேதான். மாவு மட்டும் வேறு. அவர்கள் அதைப் பலகையில் கவிழ்த்துக் கொட்டி, நூலால் அறுத்துப் பகிர்வார்கள். மிஞ்சிய துண்டுகளை மறுநாள் எண்ணெயில் வாட்டிக் கீரை மசியலோடு சாப்பிடுவார்கள். களியை மோரில் கரைத்துக் குடிப்பதோடு இந்த முறையையும் சேர்த்துக்கொள்ளலாம், பிள்ளைகள் விரும்புவார்கள்.

பொலெந்தா என்றால் இன்று மக்காச்சோள மாவு. ஆனால் மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கொலம்பஸுக்கு முன்னால் இத்தாலியில் அது கிடையாது. அதற்கு முன்பு போ ஆற்றுச் சமவெளி எதைச் சாப்பிட்டது? கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தப் பகுதியை எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ், அங்கே தினையும் பனிவரகும் ஏராளமாக விளைவதாகக் குறித்திருக்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி இன்னும் ஒரு படி மேலே போய், போ ஆற்றங்கரை மக்கள் தினையோடு அவரை இனத்துப் பயறைச் சேர்த்தே சமைத்தார்கள், அது இல்லாமல் எதையும் செய்வதில்லை என்று பதிவு செய்கிறார். தினையும் பயறும் சேர்ந்த அந்தத் தட்டு கொல்லிமலையின் பழைய தட்டுதான். வெனிஸ் நகரத்துக்கும் ஒரு பெரிய தொம்பை இருந்தது. பஞ்சத்துக்கும் முற்றுகைக்கும் பயந்து சிறுதானியத்தைச் சேமிக்கக் குடியரசு அரசாங்கமே பெருங்கால்வாய்க் கரையில் கட்டிய கிடங்கு அது. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் மக்காச்சோளம் வெனிசின் நிலப்பகுதிகளில் கால் ஊன்றியது. ஒரே நிலத்தில் பல மடங்கு விளைச்சல். நில உடைமையாளர்களுக்கு அது பிடித்துப்போனது. கோதுமையைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, குத்தகை உழவருக்கு மக்காச்சோளத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். தினையும் பயறும் தட்டிலிருந்து மறைந்தன. காலையும் மாலையும் பொலெந்தா, தொட்டுக்கொள்ளப் பெரும்பாலும் எதுவும் இல்லை. பிறகு ஊர் ஊராக ஒரு நோய் தோன்றியது. வெயில் பட்ட இடமெல்லாம் தோல் கருத்து உரிந்தது, வயிற்றுப்போக்கு, கடைசியில் புத்தி பேதலிப்பு, சாவு. மிலான் மருத்துவர் பிரான்செஸ்கோ பிராபொல்லி 1771-இல் அதற்குப் பெல்லக்ரா என்று பெயரிட்டார். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வடக்கு இத்தாலியின் உழவர் குடும்பங்களை அது வாட்டியது.

காரணம் தெரிய நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஜோசப் கோல்ட்பெர்கர் 1914 முதல் நடத்திய ஆய்வுகள், இது தொற்றுநோய் அல்ல, சாப்பாட்டுக் குறைதான் என்று காட்டின. 1937-இல் கான்ராட் எல்வெயம் குறைந்திருந்த சத்து நியாசின் எனும் வைட்டமின் என்று கண்டுபிடித்தார். மக்காச்சோளத்தில் நியாசின் இருக்கிறது. ஆனால் உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்து கிடக்கிறது. மெக்சிகோவின் பழங்குடிகள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அந்தப் பிணைப்பை விடுவித்தார்கள், கூடவே பயறும் சாப்பிட்டார்கள். ஐரோப்பாவுக்குத் தானியம் வந்தது. அதைச் சமைக்கும் அறிவு கப்பலேறவில்லை. தானியத்தின்மேல் குற்றம் இல்லை. ஒரு குடும்பத்தின் கையிருப்பை ஒற்றைப் பொருளாகச் சுருக்கிய ஏற்பாட்டின்மேல்தான் குற்றம்.

கொல்லிமலைக்குப் பெல்லக்ரா வரப்போகிறது என்று இதற்குப் பொருள் அல்ல. ஆனால் கையிருப்பு சுருங்குவது எப்படி நடக்கிறது என்பதை இத்தாலி தெளிவாகக் காட்டுகிறது. இங்கே அது ஜவ்வரிசியில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோனது. 1943-இல் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கத் தொடங்கினார்கள். ஆலைகள் சேலம், ஆத்தூர், ராசிபுரம் என்று பெருகின. 1971-இல் திருவனந்தபுரத்தின் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் எச்-165, எச்-226 என்ற ரகங்களை வெளியிட்டது. 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மலையடிவாரம் வரை சந்தை வந்துவிட்டது. குச்சியை நட்டால் எட்டுப் பத்து மாதத்தில் கிழங்கு, தோண்டினால் பணம், பறவை கொத்தாது, உரலில் இடிக்கவேண்டாம். பிள்ளைகளின் படிப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் காசு தேவைப்பட்ட குடும்பம் சாமைக்காட்டைக் கிழங்குக்காடாக மாற்றியதை எவரும் குறை சொல்ல முடியாது. இன்னொரு பக்கம் ரேஷன் அரிசி: 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. பசியைத் தடுத்த திட்டம் அது. மலை வீடுகளில் அடுப்பு அணையாமல் காத்திருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு தொம்பைக்கு வேலை குறைந்துவிட்டது.

நட்டம் என்னவென்று தட்டில் பார்க்கலாம். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். தினையில் புரதம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு. குச்சிக்கிழங்கில் ஏறத்தாழ ஒரு பங்குதான். ஞொக்கிக்குக் கடலைப் பொடியும் சாமைக்கு மொச்சையும் ஏன் என்று இப்போது புரியும். அவை ருசிக்காக மட்டும் சேர்த்தவை அல்ல.

சாமை சமையலறையை விட்டுப் போனதற்கு இன்னொரு காரணம் உண்டு. பேச்சுக்களில் இது குறைவாகவே வருகிறது. சாமையின் உமி அரிசியோடு இறுகப் பற்றியது. உரலில் இட்டு உலக்கையால் இடித்து, முறத்தில் புடைத்து, சல்லடையில் சலித்து, மறுபடி இடித்து, மறுபடி புடைத்து ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி எடுப்பது பெண்களின் தலையில் விழுந்த வேலை. காட்டில் களையெடுத்துவிட்டு வந்து அந்த வேலையையும் செய்யவேண்டும். கடையில் வெள்ளையாகத் தீட்டிய அரிசி கிடைத்ததும் அவர்கள் உலக்கையைக் கீழே வைத்தார்கள். அது சோம்பல் அல்ல. ஒரு நியாயமான விடுதலை. சிறுதானியத்தைப் போற்றிப் பேசும் எவரும் அந்த உலக்கையை மறுபடி அவர்கள் கையில் திணிக்கக்கூடாது.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட முயற்சி இந்த மலையிலேயே நடந்தது. 1988-இல் சென்னையில் தொடங்கிய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990-களின் பிற்பாதியிலிருந்து கொல்லிமலையில் சிறுதானியங்களுக்காக உழைத்துவருகிறது. ரகங்களைப் பட்டியலிட்டு, விதை வங்கிகள் அமைத்ததோடு அது நிற்கவில்லை. மலைக் கிராமங்களில் சிறு உமி நீக்கும் இயந்திரங்களை வைத்து, அவற்றை மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டது. சாமை அரிசியும் கேழ்வரகு மாவும் கொல்லிமலைப் பெயரிலேயே பொட்டலமாகி வெளியூர்க் கடைகளுக்குப் போயின. அந்த முயற்சியின் மிகச் சரியான முடிவு இயந்திரத்தைப் பெண்களிடம் கொடுத்ததுதான். விதையைக் காப்பாற்றுவது முக்கியம். ஆனால் அந்த விதை இன்றிரவே சட்டியில் ஏறவேண்டுமானால் உமி நீங்கவேண்டும். எந்த வீட்டில் அரிசியாகத் தீட்டிய சாமை ஒரு டப்பாவில் இருக்கிறதோ, அந்த வீட்டில்தான் அது சமையலாகும். இத்தாலியக் கிராமத்துப் பாட்டிகள் வீட்டில் இருப்பதைப் பார்த்துச் சமைத்ததற்கும், மில்லும் சந்தையும் அந்தக் கையிருப்பை முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்ததே காரணம்.

2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. விழாக்கள் நிறைய நடந்தன. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு செய்த ஒரு காரியம் அந்த விழாக்கள் எல்லாவற்றையும்விடப் பெரியது: நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் சோதனைத் திட்டம். அதே ஏற்பாட்டைக் கொல்லிமலைக்கும் கொண்டுவரலாம். இங்கே அந்த 2 கிலோ சாமையாக இருக்கட்டும். ஆலத்தூர் நாட்டிலும் பக்கத்து நாடுகளிலும் விளைந்ததை மலையிலேயே கொள்முதல் செய்து, மகளிர் குழுக்களின் இயந்திரங்களிலேயே தீட்டி, இங்குள்ள கடைகளுக்கே அனுப்பலாம். நடவுக்கு முன்பே கொள்முதல் விலையை அறிவிக்கவேண்டும். பழுதாகும் இயந்திரங்களுக்கு உதிரிப் பாகமும், அதை மாட்டத் தெரிந்த உள்ளூர் இளைஞர்களும் வேண்டும். கிழங்குக்காட்டை முழுவதும் அழிக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஓரத்தில் ஒரு பட்டம் சாமையும், வரப்பில் மொச்சையும் திரும்பி வந்தால் போதும். அடுத்த ஆடிப் பட்டத்துக்கு முன்பே அந்த விலை அறிவிப்பு வரவேண்டும் என்று இந்த மலையின் ஊராட்சிகள் கிராமசபையில் தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பலாம்.